தானாக எதுவும் மாறாது

மேடம் வீட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், அவர் உள்ளறையில் இருந்தபடியே, "அக்கா, அரிசி இருக்கா?" என்று கேட்டார். நான் அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டே, "கெடக்குங்க மேடம்" என்றேன். எந்த வீட்டிலும் அப்படித்தான் சொல்வேன். இல்லாமல் போனால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

அவர் எழுந்து சமையலறை வாசலுக்கே வந்துவிட்டார்.

"பாத்துட்டுச் சொன்னீங்களா, பாக்காமச் சொன்னீங்களா?"

"பாக்கலைங்க. கெடக்கும்."

"அப்ப பாக்கலைன்னு சொல்லுங்க. இருக்கு, இல்ல, பாக்கல. இந்த மூணுல எதுன்னாலும் எனக்குச் சம்மதம். பாக்கலைன்னா நான் போய்ப் பாத்துக்குவேன். இருக்குன்னு நீங்க சொல்லிட்டா, நான் நம்பி உக்காந்துருவேன்ல?"

கோபமே இல்லாமல் சொன்னார். சொல்லிவிட்டு அரிசி டப்பாவைத் திறந்து பார்த்தார். "இருக்கு" என்று எனக்கே தகவல் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதற்கு முன்னால் 'பார்க்கவில்லை' என்பதை என்னிடமிருந்து யாரும் ஒரு பதிலாக வாங்கிக்கொண்டது கிடையாது.

வடகவுஞ்சிக்கு மேலே, எங்கள் ஊருக்குத் திரும்பும் வளைவில் இருந்தது அந்த வீடு. தகரக் கூரை. முன்னால் இரண்டு பேரிக்காய் மரங்கள். அவர் என்னைவிடச் சின்னவர்தான், ஆனால் கழுத்தளவுக்கு வெட்டிவிட்டிருந்த முடியில் பாதி நரைத்திருந்தது. எந்நேரமும் ஆண்கள் போடுகிற ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர். அவருடைய அம்மா கொடைக்கானலில் ஏதோ ஒரு பள்ளி ஹாஸ்டலில் மேட்ரனாக இருந்தவராம். மகள் படித்து, வெளிநாடு வரை போய், வீட்டில் இருந்தபடியே செய்கிற கம்ப்யூட்டர் வேலையோடு மலைக்குத் திரும்பியிருந்தார். ஏன் திரும்பினார் என்று ஊரில் பலவிதமாகப் பேசினார்கள். ஊர் அவரைக் கம்ப்யூட்டரம்மா என்றது. நான் மேடம் என்றேன். பேர் எனக்குத் தெரியும். அவரைக் கேட்காமல் அதை இங்கே எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நான் பத்தாவது வரை படித்தவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் வராது. அந்த வீட்டில் பேச ஆள் இல்லை, அதனாலேயே அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

என் வீட்டுக்காரரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜீப் ஓட்டினார். ஒரு மழைக்காலத்தில் பூண்டு ஏற்றிக்கொண்டு அடுக்கம் வழியாகப் பெரியகுளத்துக்கு இறங்கினார். பூண்டு போய்ச் சேர்ந்தது. திரும்பி வரும்போது ஜீப் மட்டும் மலையடிவாரத்தில் ஒரு டீக்கடைக்குப் பக்கத்தில் நின்றது. சாவி அதிலேயே இருந்தது. சீட்டில் அவருடைய மப்ளர் கிடந்தது. அவர் இல்லை. தேடினார்கள். ஓடையில், பள்ளத்தில், ஆஸ்பத்திரிகளில். போலீஸில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு எதுவும் நடக்கவில்லை. அழுதேனா என்று இப்போது யோசித்தால் சரியாக நினைவில்லை. சோறு வடித்தேன், பாத்திரம் கழுவினேன். குளிரில் விரல் மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதில்லையா, அந்த மாதிரி இருந்தது. பிறகு அதுவே பழகிவிட்டது.

அந்த வீட்டுச் சமையலறையில் எனக்கும் அவருக்கும் நடந்த ஒரே சண்டை டப்பாக்களால் வந்தது. எல்லா வீட்டிலும் போலத்தான் நானும் செய்தேன். சத்துமாவு தீர்ந்த டப்பாவைக் கழுவி, அதில் மிளகாய்த்தூளைக் கொட்டி வைத்தேன். ஒரு காலையில் நான் வருவதற்குள் பசித்து, அவரே பாலைக் காய்ச்சி, அந்த டப்பாவிலிருந்து இரண்டு கரண்டி போட்டுக் கலக்கிக் குடித்திருக்கிறார். நான் உள்ளே நுழையும்போது கண்ணெல்லாம் சிவந்து, குழாயில் வாயைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயோ மேடம், செவப்பா இருந்தது தெரியலையா?"

"கண்ணாடி போடல. டப்பா மேல சத்துமாவுன்னு பெருசா எழுதியிருக்கு, அத மட்டும் படிச்சேன்."

"எங்க வீட்ல எல்லாம் பழக்கத்துல எடுத்துருவோங்க."

"உங்க தலைக்குள்ள இருக்குக்கா. டப்பால இல்லயே. நாளைக்கு நீங்க வரலைன்னா இந்த டப்பா பொய்தான சொல்லும்?"

அன்றைக்கு மதியமே எல்லா டப்பாவிலும் பேர் எழுதி ஒட்டினார். மிளகாய்த்தூள் டப்பா காலியாக இருந்தாலும் அது மிளகாய்த்தூள் டப்பாதான், அதில் வேறு எதையும் போடக்கூடாது என்றார். "காலி டப்பா வேற, என்ன டப்பான்னே தெரியாதது வேற" என்று சொன்னார். எனக்கு இது ஒரு விளையாட்டு மாதிரி இருந்தது. ஆனாலும் அதற்குப் பிறகு என் வீட்டிலும் டப்பா மாற்றி எதையும் வைக்க எனக்குக் கை வரவில்லை.

அவர் செய்த வேலை என்ன என்று எனக்கு முழுதாகத் தெரியாது. கொஞ்சம் சொல்லியிருக்கிறார். கரண்ட் போன மதியங்களில், மேசை மீது இருந்த லேப்டாப்பை மூடிவிட்டுச் சமையலறைக்கு வருவார். நான் பீன்ஸ் நார் எடுப்பேன். அவரும் எடுப்பார். அப்போது பேச்சு வரும்.

அவர் எழுதுகிற கம்ப்யூட்டர் மொழியில், எந்தப் பொருளும் தான் என்ன வகை என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டுமாம். முழு எண் ஒரு வகை. புள்ளி வைத்த எண் வேறு வகை. எழுத்து வேறு. முழு எண்களைக் கூட்ட ஒரு கூட்டல் குறி, புள்ளி வைத்த எண்களைக் கூட்ட இன்னொரு கூட்டல் குறி.

"கூட்டலே ரெண்டாங்க?"

"ரெண்டுக்கா."

"ஒண்ணு முழுசு, ஒண்ணு புள்ளி வச்சது. ரெண்டையும் சேத்துக் கூட்டணும்னா?"

"கூட்டாது. எதையாவது ஒண்ண மாத்தணும். எத, எதுவா மாத்துறேன்னு நான்தான் எழுதிக் குடுக்கணும். தானா மாறாது."

"மத்த மொழியில தானா மாறிக்குமா?"

"நெறைய மொழியில மாறிக்கும். நம்மளக் கேக்காமலே உள்ளுக்குள்ள மாத்தி வச்சிரும். அதான் எனக்குப் பயம்."

புள்ளி வைத்த எண்ணை முழு எண்ணாக மாற்றினால் புள்ளிக்குப் பின்னால் இருப்பது வெட்டுப்பட்டுவிடும் என்றார். மூன்றே முக்கால் நாலு ஆகாது, மூன்றுதான் ஆகும். பாவமாக இருந்தது எனக்கு.

"அந்த முக்கால் எங்கிங்க போகும்?"

"எங்கயும் போகாது. பழசு அப்படியே இருக்கும். மூணே முக்கால் மூணே முக்காலாவே கெடக்கும். பக்கத்துல மூணுன்னு புதுசா ஒண்ணு பொறக்கும். நான் எழுதுற மொழியில மாத்துறதுன்னா அதான். பழசத் தொட மாட்டோம்."

நான் கொஞ்சம் யோசித்தேன். "மில்லுல அரிசியக் குடுத்தா மாவாக்கித் தர்றான். அரிசி போயிருதுல்ல."

"இங்க போகாது. மாவும் இருக்கும், அரிசியும் இருக்கும்."

"அந்த மில்லு எங்கிங்க இருக்கு? நான் பையத் தூக்கிட்டு வெள்ளனே போயி நின்னுக்குவேன்."

அவர் பல் தெரியச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

அவரிடம் பழகுவது எல்லோருக்கும் சுலபம் இல்லை. பக்கத்து வீட்டுக்கார அக்கா ஒருநாள் கொஞ்சம் சௌசௌ கொடுக்க வந்தவள், என்னைப் பார்த்து வழக்கம்போலச் சொன்னாள். "கவலப்படாத, உன் வீட்டுக்காரரு வந்துருவாரு."

மேடம் மேசையில் இருந்து தலையைத் தூக்கினார். "எப்படித் தெரியும்?"

"என்னதுங்க?"

"வந்துருவாருன்னு. யாராச்சும் பாத்தாங்களா?"

அந்த அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. சௌசௌவை வைத்துவிட்டுப் போய்விட்டாள். பிறகு அந்தப் பக்கம் வரவேயில்லை.

"ஆறுதலுக்குச் சொல்றதுதானங்க மேடம்" என்றேன்.

"ஆறுதல்னு சொல்லிட்டுச் சொல்லலாம். தகவல் மாதிரிச் சொல்லக் கூடாதுக்கா. ரெண்டும் வேற வேற."

எனக்கு அவர் மீது வருத்தம்தான் வந்தது. ஆனால் அன்று ராத்திரி படுக்கும்போது, வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுக்காமல் தூங்கினேன் என்பதும் உண்மை.

எங்கள் ஊரில் பூண்டுக்கு ஒரு சங்கம் உண்டு. என் வீட்டுக்காரரின் தம்பி, என் கொழுந்தன்தான் அதற்குச் செயலாளர். சங்கத்துக்குப் பொதுவாக ஒரு விதைக்காடு இருக்கிறது. அதில் அறுத்த பூண்டைத் தாளோடு கட்டி, உறுப்பினர் ஒவ்வொருவர் பேரிலும் ஒரு பங்காகப் புகைக்கொட்டகையில் தொங்கவிடுவோம். கீழே வாட்டில் மரத்து விறகு புகைந்துகொண்டே இருக்கும். புகை பட்டால்தான் அது விதைப்பூண்டு. நடவுக்கு இறக்கும் நாளில் ஒருவர் ஏணி மேல் நின்று ஒவ்வொரு பங்குக்கும், "யார் பேருக்கு?" என்று கேட்பார். பேருக்குரியவர் கீழே நின்று தன் பேரைச் சொல்லி, முதல் கட்டைத் தன் கையால் வாங்க வேண்டும். ஆள் இறந்துபோயிருந்தால் பிள்ளையோ பெண்டாட்டியோ தன் பேருக்கு மாற்றி வாங்கிக்கொள்ளலாம். ஆள் உயிரோடு இருந்து, வராமல் போனால், அந்தப் பங்கை நடுவதற்கு யாரும் தொடக் கூடாது. உயிரோடு இருக்கிறவன் விதையை அடுத்தவர் கை எடுத்தால் அது முளைக்காது என்று ஒரு நம்பிக்கை.

என் வீட்டுக்காரர் பங்கு தொங்கிக்கொண்டே இருந்தது. தொங்கித் தொங்கிச் சருகாகி ஒருமுறை குப்பைக்குப் போனது. அடுத்தமுறை, காய்வதற்குள் சாப்பாட்டுப் பூண்டாகப் போகட்டும் என்று ஊர்ப் பொதுச் சமையலுக்குக் கொடுத்துவிட்டார்கள். வெளியே விதை வாங்கி நட எனக்கு வசதி இல்லை. எங்கள் காடு சும்மா கிடந்தது. காட்டுமாடுகள் வந்து படுத்துவிட்டுப் போயின. அதனால்தான் நான் வீட்டு வேலைக்கே போனேன்.

சங்கக் கணக்கெல்லாம் கொழுந்தன் தலைக்குள்தான் இருந்தது. அதை எல்லோர் போனிலும் பார்க்கிற மாதிரி செய்து தரச் சொல்லி அவன் மேடத்தைக் கேட்டான். அவர் ஒரு மதியம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு புகைக்கொட்டகைக்கே வந்துவிட்டார். காய்கறி ஏற்றும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். நான் எல்லோருக்கும் டீ ஊற்றினேன்.

"மூட்டைன்னா என்ன?" என்றுதான் ஆரம்பித்தார்.

"மூட்டைன்னா மூட்டைதான் மேடம்."

"பூண்டு மூட்டையா, கேரட் மூட்டையா? ரெண்டும் ஒரே எடையா?"

"இவன் கட்டுனா பூண்டு மூட்டையும் பாதிதான் மேடம் இருக்கும்" என்று ஒருவர் இன்னொருவரைக் காட்ட, "ஏலே, உன் மூட்டையில பாதி கல்லுல்ல" என்று அவர் திருப்பிச் சொல்ல, கொட்டகையே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. இரண்டையும் இரண்டு வகையாக எழுதிக்கொண்டார்.

போன் நம்பரைக் கொழுந்தன் எண் என்று சொன்னான்.

"போன் நம்பரக் கூட்டுவீங்களா, கழிப்பீங்களா?"

"எதுக்கு மேடம்?"

"அப்ப அது எண் இல்ல தம்பி. எண் மாதிரி வேசம் போட்ட எழுத்து. எண்ணுன்னு வச்சா முன்னாடி இருக்கிற சைபரத் தின்னுரும்."

விதைப்பூண்டு சாப்பாட்டுப் பூண்டாக மாறுமா என்று கேட்டார். தின்றால் மாறும் என்றார்கள். சாப்பாட்டுப் பூண்டு விதையாக மாறுமா என்று கேட்டார். புகை படாதது எப்படி மாறும் என்றார்கள். "அப்ப ஒருவழிப் பாதை" என்றார். அந்தப் பக்கம் மாற்ற ஒரு வழி எழுதினார். இந்தப் பக்கம் மாற்ற வழியே எழுதவில்லை. வழி இல்லையென்றால் யாரும் தப்பாகக்கூட மாற்ற முடியாது என்று விளக்கினார். வயதானவர்கள் தலையாட்டினார்கள்.

பிறகு உறுப்பினர்கள். "இருக்காங்க, எறந்துட்டாங்க. ரெண்டு போதுமா?"

"போதும்" என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். கொழுந்தன் என்னைப் பார்க்காமல், "அண்ணன எதுலங்க போடுறது?" என்று கேட்டான்.

நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். கெட்டில் கையில் அப்படியே இருந்தது. மேடம் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து எதையோ தட்டினார். "மூணாவதா ஒண்ணு போட்டுட்டேன். தெரியவில்லை."

ஊரில் எல்லோரும் என் வீட்டுக்காரரை வருவார் பக்கமோ போய்விட்டார் பக்கமோ தள்ளிக்கொண்டேயிருந்தார்கள். அவருக்கு என்று ஒரு தனி இடம் போட்டது இவர்தான். எனக்குள் ஏதாவது அசைந்திருக்க வேண்டும். அசையவில்லை. மிச்ச டம்ளர்களுக்கு டீ ஊற்றினேன்.

அடுத்த நடவு வந்தது. கொழுந்தன் மேடத்தின் வீட்டுக்கே வந்தான். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, உட்காராமல் நின்றான்.

"மேடம், அண்ணன் பேர எறந்தவருன்னு மாத்திக் குடுத்துருங்க. அப்பத்தான் பங்கு மதினி பேருக்கு வரும். அதுவும் எத்தன நாளைக்கு அடுத்தவுக வீட்ல பாத்திரம் தேய்க்கும்?"

"எறந்துட்டாருன்னு உங்களுக்குத் தெரியுமா தம்பி?"

"இத்தன நாளா வரலியே மேடம்."

"வரலைங்கறது தெரியும். எறந்தாருங்கறது தெரியுமா?"

அவன் கெட்டவன் இல்லை. அண்ணனைத் தேடி ஓடையில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கியவன் அவன்தான். அவனும் களைத்துப் போயிருந்தான். ஒரு காரியம் செய்து முடித்துவிட்டால் தூங்கலாம் என்று நினைத்திருப்பான். "மதினியக் கேளுங்க. அது சரின்னா சரி. ஆனா அது வாயத் தொறக்காதுங்க" என்றான்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். என் கையெல்லாம் சோப்பு நுரை. சரி என்று சொன்னால் என் வாயால் அவரைச் சாகடித்த மாதிரி. வேண்டாம் என்றால் இந்த வருடமும் விதை இல்லை, காடு இல்லை.

"நீங்களே ஏதாச்சும் போட்டுருங்க மேடம்" என்றேன்.

"நான் போட மாட்டேன்க்கா. எனக்குத் தெரியாது. தெரியவில்லைங்கறது தானா எறந்தவரா மாறாது. யாராச்சும் மாத்தணும். மாத்துனவங்க பேரு அதுல நிக்கும். நீங்க மாத்துறேன்னா, எங்க தட்டணும்னு காட்டுறேன்."

நான் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன். எனக்கு அவர் மீது கோபம் வந்தது. கேட்காமலே மாற்றி வைக்கிற அந்த மற்ற மொழிகளில் ஒன்றை இவர் எழுதக் கூடாதா என்று இருந்தது. ஒருநாள் போனைத் திறந்தால் தானாகவே மாறியிருக்க வேண்டும். யாரும் செய்திருக்கக் கூடாது. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அந்த வருடமும் பங்கு தொங்கியது.

அதற்குப் பிறகு சில நாள் நாங்கள் இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. பனிமூட்டம் ஜன்னல் வரை வந்து நின்ற ஒரு மதியம், ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தவள், என்ன நினைத்தோ கேட்டுவிட்டேன். "மேடம், உங்களுக்குப் பிள்ளைக எத்தன?"

எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்கிறவர். அன்றைக்கு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். காதில் விழவில்லை போல என்று நினைத்தேன்.

"ஒண்ணு பொறந்துச்சுக்கா. நிக்கல" என்றார். "எத்தனன்னு கேட்டா ஒண்ணுன்னு சொல்லவா, சைபர்னு சொல்லவா? அதுக்குச் சரியான வகை எனக்கு இன்னும் கெடைக்கல."

நான் புளியைக் கரைத்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே தெரியாத வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாராவது இருந்தால் கையைப் பிடித்திருப்பார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியாது. ரசம் கொதித்ததும் ஒரு டம்ளரில் ஊற்றி அவர் பக்கத்தில் வைத்தேன். குடித்தார்.

மறுநாள் நான் வாசலைக் கூட்டும்போது அவர் தூங்காத முகத்தோடு வந்து நின்றார்.

"அக்கா, நான்தான் தப்பா எழுதியிருக்கேன்."

"என்னதுங்க?"

"சத்துமாவு டப்பால மெளகாத்தூளப் போட்ட மாதிரிப் பண்ணிட்டேன். உங்க வீட்டுக்காரரு இருக்காரா இல்லையாங்கறது ஒரு விசயம். விதை யாருக்குங்கறது வேற விசயம். சங்கத்துக்காரங்க ரெண்டையும் ஒரே டப்பால போட்டுத்தான் பேசுனாங்க, நானும் கேக்காம அப்படியே எழுதிட்டேன். அதான் விதை வேணும்னா அவரு சாக வேண்டியிருக்கு."

விளக்குமாற்றைப் பிடித்தபடி நின்றேன்.

"அவர மாத்த வேணாம். தெரியவில்லைன்னு அப்படியே இருக்கட்டும். பழசத் தொட மாட்டோம். பக்கத்துல புதுசா ஒண்ணு எழுதுறேன். நடுறவங்கன்னு. அதுல உங்க பேரு. ஆனா அத நான் எழுத மாட்டேன். நீங்கதான் தட்டணும்."

"நானாங்க?"

"நீங்கதான் நடப்போறீங்க."

அவர் சங்கத்துக்கு வந்து அதையே சொன்னார். உயிரோடு இருக்கிறவன் விதையை எடுத்தால் முளைக்காதே என்று ஒரு பெரியவர் கேட்டார். "அவரு விதைய யாரும் எடுக்கலங்க. இந்த அறுப்புல கட்டும்போதே அக்கா பேருக்குத்தான் கட்டப்போறோம்" என்றார் மேடம். பெரியவர் கொஞ்சநேரம் தாடையைச் சொறிந்தார். "அப்ப அது பொம்பளப் பங்கா?" என்றார். "நடுற ஆளோட பங்கு" என்றார் இவர். கொழுந்தன் தன் போனை என்னிடம் நீட்டினான். திரையில் ஒரு காலிக் கட்டம் இருந்தது. என் பேரை நானே தட்டினேன். ஒன்றும் தோன்றவில்லை. மேலே அவருடைய பேருக்கு எதிரே தெரியவில்லை என்று அப்படியே இருந்தது.

அறுப்புக்கு முன்னாலேயே மேடம் போய்விட்டார். எங்கே, ஏன் என்று சொல்லவில்லை. நான் வேலைக்குப் போனபோது ஒரு கார் நின்றது. இரண்டு பெட்டி, ஒரு லேப்டாப் பை. சாவியை என் கையில் கொடுத்து, வீட்டை வாடகைக்கு விட்ட ஓனர் வந்தால் கொடுக்கச் சொன்னார். "திரும்பி வருவீங்களா மேடம்?" என்று கேட்டேன்.

"தெரியலக்கா" என்றார். நான் அதைப் பதிலாக வாங்கிக்கொண்டேன்.

சமையலறையில் டப்பாக்கள் எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்து, மூடியைத் திறந்து வரிசையாக வைத்திருந்தார். உள்ளே ஒன்றும் இல்லை. பேர்கள் மட்டும் அப்படியே ஒட்டியிருந்தன. அவர் கொடுத்த நம்பருக்குக் கூப்பிட்டால் உபயோகத்தில் இல்லை என்கிறது. இப்போதும் யாராவது அவரைப் பற்றிக் கேட்பார்கள். நல்லா இருப்பாங்க என்று சொல்ல நாக்கு வரை வரும். சொல்வதில்லை.

விதை இறக்கும் நாளில் நான் புகைக்கொட்டகைக்குப் போனேன். பெண்கள் பொதுவாகப் பின்பக்கம் நின்று கட்டுகளை அடுக்குவார்கள். நான் அங்கேதான் நின்றேன். ஏணி மேல் கொழுந்தன். ஒவ்வொரு பங்காகக் கேட்டு, ஒவ்வொருவராகப் பேர் சொல்லி வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசியாக ஒரு பங்கு மிஞ்சியது.

"யார் பேருக்கு?"

எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். ஆனாலும் கேட்டால் சொல்ல வேண்டும், சொன்னால்தான் கொடுக்க வேண்டும். நான் முன்னால் வந்து நின்றேன். முந்தானையில் கையைத் துடைத்தேன்.

"யார் பேருக்கு?" என்று மறுபடி கேட்டான்.

"வெரசாச் சொல்லு தாயி, கண்ணு எரியுது" என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர் சொன்னார். யாரோ இருமினார்கள்.

"என் பேருக்கு" என்றேன்.

"பேரச் சொல்லணும் மதினி."

சொன்னேன். அத்தனை பேர் முன்னால் என் பேரை நானே சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். யாரோ ஒரு ஆளுடைய பேர் மாதிரி இருந்தது. அவன் குனிந்து கட்டைக் கொடுத்தான். கனமாக இருந்தது. புகை வாடையும் பூண்டு வாடையும் சேர்ந்து அடித்தது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன், கீழே போட்டுவிடக் கூடாதே என்றுதான்.

அவன் ஏணியிலிருந்து இறங்கவில்லை. உத்தரத்தில் அவனுடைய அண்ணன் பங்கு தொங்கிய கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். அதில் கட்டு எதுவும் இல்லை. புகையில் கறுத்து, முடிச்சோடு வெறுமனே ஆடியது.

"மதினி, இந்தக் கயித்த என்ன செய்ய? அவுத்துரவா?"

நான் தலையைத் தூக்கி அந்தக் கயிற்றைப் பார்த்தேன். முடிச்சு என் வீட்டுக்காரர் போட்டது. கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"கெடக்கட்டும்" என்றேன். பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.